உப்பளக் கரையில் ஒரு பகல்

பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து புறப்பட்டு, நெல்லூர்க் கரையோரமாக இறங்கி, பழவேற்காட்டைத் தொட்டு, சென்னையின் நடுவே புகுந்து, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடலை விட்டு விலகாமல் 420 கிலோமீட்டர் வருகிற அந்த நீர்வழி, எங்கள் விழுப்புரம் மாவட்டத்து உப்பளங்களுக்குள் வந்து அடங்கிவிடுகிறது. திண்டிவனத்திலும் அக்கம்பக்கத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்களில் அநேகருக்கு மரக்காணம் என்றால் சாலைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்கள் வரும். உப்பளம் என்று யாராவது கை நீட்டிச் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து தாண்டிவிடும். ஆனால் இது படகில் வந்து போனவர்களின் கரை. தண்ணீர் வழியாகப் போய்ப் பார்த்தால்தான் இங்கே ஊர் எப்படி உண்டாயிற்று, உப்பு எப்படி விளைகிறது, அதை யார் விளைவிக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குப் புலப்படுகிறது.

எங்கள் கூட்டம் கருவூல வாசலில் சேர்ந்த கூட்டம். ஓய்வூதியர் நேர்காணலுக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பேச ஆரம்பித்து, பிறகு விடாமல் பேசிக்கொண்டிருப்பவர்கள். கருவூலத்திலேயே கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், பொதுப்பணித் துறைப் பொறியாளர், அவருடைய மனைவி, அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்த அம்மா, மின்வாரியத்து லைன் இன்ஸ்பெக்டர், ரயில்வேக்காரர், ஆசிரியர்கள் சிலர். பள்ளியில் தமிழ் நடத்திய என்னை எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். சேர்ந்து போவதென்றால் இதுவரை கோயில்தான். படகில் போகலாம் என்ற யோசனை பொறியாளருடையது. உப்பங்கழி ஆழமில்லை, அலையில்லை, காலையில் காற்றும் இருக்காது என்று அவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். முழங்கால் வலி, தலைசுற்றல், நீச்சல் தெரியாது, நடுவில் அவசரம் என்றால் எங்கே போவது என்று எல்லாருக்கும் ஒரு கவலை இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இவையெல்லாம் நிஜமான கவலைகள். அவற்றுக்கெல்லாம் அவர் விடை வைத்திருந்தார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரையிறக்கம், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், படகின் குறுக்குப் பலகையில் மெத்தை போட்டு உட்காரலாம்.

மாசி மாதம். விடியுமுன் வேன் கிளம்பி, பிரம்மதேசம் தாண்டி, மரக்காணத்தில் வடக்கே திரும்பிக் கடப்பாக்கம் போனது. அங்கிருந்து ஆலம்பரை மூன்று கிலோமீட்டர்.

ஆலம்பரைக் கோட்டையை முதலில் பார்க்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றலாம். சிதைந்த செங்கல் சுவர்கள், நடுநடுவே முள்செடி, கிழக்கே தண்ணீர். ஆனால் நிற்கிற இடம் எது என்று தெரிந்துகொண்டு நின்றால் அதே சுவர் வேறு மாதிரி தெரியும். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த கோட்டை இது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்குக் கொடுக்கப்பட்டது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இங்கே நாணயச்சாலை இருந்தது. ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் இந்தத் துறையிலிருந்து கப்பலேறின. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஆலம்பரை வருகிறது. புதுச்சேரிக்கு வடக்கே படகு நிற்கப் பாதுகாப்பான இடங்களில் அன்று இதுவும் ஒன்று. காரணம், கோட்டைக்கு முன்னால் கிடக்கிற கழி. கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒரு மணல் திட்டு படுத்திருக்கிறது. அலை அதில் மோதி நின்றுவிடும். உள்ளே தண்ணீர் அசையாது.

படகுகள் இரண்டும் மீனவர்களின் பைபர் படகுகள். சுற்றுலாப் பயணிகளை மணல் திட்டு வரைக்கும் ஏற்றிப் போய்த் திரும்புவது இங்கே வழக்கம். நாங்கள் கேட்டது அதைவிட நீண்ட ஓட்டம்: கழியின் வழியே தெற்கே, உப்பளங்கள் வரைக்கும். ஓட்டுகிற தம்பி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படகைக் கரையோடு அணைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் தானே இறங்கி நின்றார். "கைய என் தோள்ல வைங்கம்மா. படகு ஆடுறப்போ நிக்கக் கூடாது, ஒக்காந்துடணும்." படித்துறை கிடையாது. இந்தக் கரையில் எங்கேயும் வயதானவர்கள் இறங்குவதற்குக் கைப்பிடியோடு நான்கு படி இல்லை. சாலையோர விடுதிகளுக்கு எவ்வளவோ செலவாகிறது. கழியின் ஓரத்தில் ஒரு படித்துறைக்கு ஆகிற செலவு பெரிதல்ல. நாங்கள் ஏறி உட்கார அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு யாருக்கும் முழங்கால் நினைவே இல்லை.

முதலில் முகத்துவாரத்தைப் பார்த்துவிடலாம் என்று கிழக்கே கொஞ்சம் போனோம். மணல் திட்டு உடைந்து கடல் உள்ளே வருகிற இடம். இங்கே தண்ணீரின் நிறம் இரண்டாகப் பிரிந்து தெரிகிறது: கழியின் பழுப்பும் கடலின் பச்சையும். வருஷம் முழுக்க இந்த வாய் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதே மணல் தெற்கே திரும்புகிறது. மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். மழை வெள்ளம் வரும்போது வாய் அகலும், கோடையில் தூர்ந்து குறுகும். தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு நீண்ட கம்பை ஊன்றி ஆழம் பார்த்துக் காட்டினார். போன மாதம் படகு போன வழியில் இப்போது முழங்கால் தண்ணீர்.

"வாய் அடைச்சுக்கிட்டா நாங்க படக எடுத்துட்டுப் போக முடியாது சார். உப்புக்காரங்களுக்கும் தண்ணி வராது," என்றார் பொறியாளரிடம்.

முகத்துவாரத்தின் வடகரை ஆலம்பரைக்குப்பம், செங்கல்பட்டு மாவட்டம். தென்கரை அழகன்குப்பம், விழுப்புரம் மாவட்டம். இரண்டிலும் மீன்பிடித் துறைமுகம் கட்ட 235 கோடி ரூபாயில் ஒரு திட்டம் போடப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் விவகாரம் போனது. மீனவருக்கு மூடாத வாய் வேண்டும் என்பது நியாயம். கல்லைக் கொட்டி வாயை நிறுத்தினால் வடக்கே கரை அரிக்கும் என்பதும், மாசி பங்குனியில் இந்த மணலில் முட்டையிட வருகிற பங்குனி ஆமைகளுக்கு இடம் போகும் என்பதும் அதே அளவுக்கு நியாயம். படகில் இது பற்றி வாக்குவாதம் நடந்தது. என் எண்ணம், எவ்வளவு செலவானாலும் வாயைத் தூர்வாரிக்கொண்டே இருப்பதுதான் மேல் என்பது. கல் கொட்டிய பிறகு மனம் மாறினால் கல்லை எடுக்க முடியாது.

நாங்கள் மிதந்துகொண்டிருந்த இடத்துக்கு இன்றைக்கும் இடைக்கழிநாடு என்றுதான் பெயர். கடப்பாக்கம் அந்தப் பேரூராட்சியைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படை பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை வழியனுப்புகிற அந்த நூலில் எயிற்பட்டினம் என்ற துறைமுக ஊர் வருகிறது. அது மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளஸில் வருகிற சோபட்மா என்ற துறையையும் இதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. வகுப்பில் இதை எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதி நடத்துவது ஒன்று, அந்தக் கரையை நீரிலிருந்து பார்ப்பது இன்னொன்று. கடல் கொண்டுவந்து ஒதுக்கிய வாசமரத்தை விறகாக்கி நெருப்பு மூட்டி, வருகிற பாணர்களுக்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் கொடுக்கிறார்கள் நத்தத்தனாரின் பரதவர்கள். ஊர் பேர் தெரியாத பாட்டுக்காரனுக்குக் குடிசை வாசலிலேயே விருந்து. அதே நூலின் இன்னொரு இடத்தில், குடும்பத்தோடு வண்டி வரிசையில் போகிற உப்பு வணிகரான உமணரும் வருகிறார்கள். மீனும் உப்பும் அன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன.

படகு தெற்கே திரும்பியது. மேற்கே தூரத்தில் பனை வரிசை, அதற்கு அப்பால் சாலை வண்டிகளின் சத்தம் லேசாக. கிழக்கே மணல் மேட்டின் மேல் தென்னையும் சவுக்கும், நடுநடுவே குப்பங்களின் தார்சு வீடுகள். இந்தத் தண்ணீரை இடையன்திட்டுக் கழிமுகம் என்கிறார்கள். இது தெற்கே போய் உப்புக்கல்லி ஓடை வழியாகக் கழுவெளியோடு சேர்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி கழுவெளி. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சரணாலயத்தின் எல்லை எங்கே என்று பறவைகளுக்குத் தெரியாது என்பதால், கழி நெடுகிலும் அவை இருந்தன. நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களை எடுத்து எடுத்து வைத்துச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. ஆலாக்கள் தலைக்கு மேலே நின்று, நேராகத் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழுந்தன. கூழைக்கடாக்கள் பத்துப் பன்னிரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக எங்களோடு சற்று தூரம் நீந்தி வந்தன. ரயில்வேக்காரர் வாழ்நாளெல்லாம் நேரத்தோடு ஓடியவர். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார்.

பூநாரைகளைப் பற்றித் தம்பி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: "எஞ்சின நிறுத்திடுவேன். யாரும் எழுந்திருக்காதீங்க." நிறுத்தினார். தூரத்தில் உப்பளத்தின் தேக்கத்தில் ஒரு வெளிர்ச்சிவப்புக் கோடு தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அந்தக் கோடு கழுத்துகளாகவும் கால்களாகவும் பிரிந்தது. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அலசிக்கொண்டே நடக்கின்றன. உப்புக் கூடிய தண்ணீரில் மீன் வாழாது. ஆனால் அதில் மட்டும் வாழ்கிற பாசியும், அதைத் தின்கிற பொடி உப்புநீர் இறாலும் உண்டு. அவற்றிலிருக்கும் நிறமிதான் பூநாரையின் சிறகில் ஏறுகிறது. உப்பளக்காரர் கட்டிவைத்த தேக்கம் இல்லாவிட்டால் இந்தப் பறவைக்கு இங்கே இவ்வளவு இரை இல்லை. மனிதன் தொழிலுக்காக வெட்டிய ஒரு நீர்நிலை பறவைக்கும் சோறு போடுவது இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. எஞ்சினை மேலே தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றினார்கள். கரைகள் நெருங்கி, நேராகி, வெட்டிய வாய்க்காலின் வடிவத்துக்கு வந்தன. "இதான் கால்வாய்," என்றார் பொறியாளர். அவர் குரலில் அன்றைக்கு முதல்முறையாக உணர்ச்சி தெரிந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் கால்வாயின் பழைய வரைபடங்களைக் கையாண்டவர் அவர். அலை ஏறி இறங்குவதைப் பார்த்து, லாக்குகளை மூடித் திறந்து, ஒரு கழியையும் அடுத்த கழியையும் கோத்துக் கட்டப்பட்ட வழி இது. முதல் துண்டு 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே திறந்தது. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78இல், கூலிக்கு வந்த பட்டினி மக்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை வெட்டினார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் நின்றுவிட்டது. வெட்டினவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. மரக்காணத்து உப்பும் சவுக்கு விறகும் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போயின.

ஆட்களும் போனார்கள். பாவேந்தர் பாரதிதாசன் 1930களில் தோழர்களோடு சென்னையிலிருந்து இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டாக எழுதினார். கூடிப் பேசிச் சிரித்துக்கொண்டு படகில் போவது அன்றைக்குச் சாதாரணமாக நடந்திருக்கிறது. பிறகு லாரி வந்தது. 1960களிலும் 1976இலும் அடித்த புயல்கள் கரைகளைச் சிதைத்தன. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். 2008இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரைக்குமான நீர்வழியை, இந்தக் கால்வாயையும் சேர்த்து, தேசிய நீர்வழி எண் 4 என்று மத்திய அரசு அறிவித்தது. மரக்காணத்திலிருந்து கழுவெளி வழியாகப் புதுச்சேரி வரைக்கும் 22 கிலோமீட்டரும் அதில் அடங்கும். எண் கிடைத்தது, எங்கள் பகுதியில் இன்றுவரை பயணப் படகு வரவில்லை. வந்தாலும் பெரிய சரக்குப் படகுகளுக்காகக் கழுவெளியை ஆழப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். நாங்கள் போனது மாதிரியான சிறு படகுக்கு இருக்கிற தண்ணீரே போதும். ஆகாயத்தாமரையும் குப்பையும் எடுத்து, ஆங்காங்கே படித்துறை வைத்தால், முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தம் ஊரைத் தண்ணீரிலிருந்து பார்க்கலாம்.

உப்பளத்தில் இறங்கியபோது மணி எட்டரை இருக்கும். அங்கே வேலை முடிகிற நேரம். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே வந்து, வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார்கள். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணை எவ்வளவு கெடுக்கும் என்பது எங்களுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்தது.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து இங்கேதான். கழியிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றும் தண்ணீர் முதலில் பெரிய தேக்கத்தில் நிற்கும். வெயிலும் காற்றும் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை அடுத்த பாத்திக்கு விடுவார்கள், அங்கே சில நாள், பிறகு அதற்கடுத்தது. கடல் தண்ணீரில் அடர்த்தி பார்க்கும் மானியைப் போட்டால் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். இருபத்தைந்தை எட்டினால்தான் உப்பு இறங்கும். அதற்கு முன்னாலேயே சுண்ணாம்பும் ஜிப்சமும் வழியில் உள்ள பாத்திகளில் படிந்து கழிந்துவிட வேண்டும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். மானி இருந்தாலும், அனுபவப்பட்டவர்கள் தண்ணீரின் நிறத்தையும் பாத்தி ஓரத்தில் கட்டுகிற நுரையையும் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். கடைசிப் பாத்தியில், மேற்பரப்பில் பாலாடை போல ஒரு மெல்லிய படலம் கட்டி, கனத்து, உடைந்து, அடியில் போய் உட்காருகிறது. அதுதான் உப்பு.

இவ்வளவும் சூரியன் செய்கிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகள் வெறும் சேறாகக் கிடக்கும். சேற்றை வழித்து, சமன் செய்து, தரை கல்லாக இறுகும் வரைக்கும் காலால் மிதிக்க வேண்டும். வரிசையாக நின்று, ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துக்கொண்டு, குதிகாலை அழுத்தி அழுத்தி, நாள் கணக்காக மிதிக்கிறார்கள். மிதி சரியில்லை என்றால் வாரும்போது உப்போடு சேறு வரும், விலை போகாது. பிறகு வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவிப்பது, ஈரம் வடிந்ததும் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுவது, கீற்றால் மூடுவது. நாங்கள் வரப்பில் நின்றபோது பெண்கள் கூடைகளோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நீர் சொட்டுகிற உப்புக்கூடை எவ்வளவு கனம் என்று பார்க்க லைன் இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, இடுப்பளவு வந்ததும் இறக்கிவிட்டார். கம்பத்தில் ஏறிப் பழகிய உடம்பு அவருடையது.

அவர்களில் ஒரு அம்மா வேலையை முடித்துவிட்டுத் தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும். "நீங்கள்லாம் எங்கேருந்து வர்றீங்க? கலியாணத்துக்கா?" என்றார். எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள், சும்மா ஊர் சுற்ற வந்தோம் என்றேன்.

"நல்லாருக்கட்டும் டீச்சர். எனக்கும் உங்க வயசுதான் இருக்கும். எங்க மாமியா சாவுற வரைக்கும் பாத்தி மிதிச்சாங்க. நானும் மிதிக்கிறேன்."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எங்களில் யாருக்கும் பதில் பேச வரவில்லை. மாதம் முதல் தேதி எங்கள் கணக்கில் பணம் விழுகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தோம், அதற்கு உரிமை எங்களுக்கு உண்டு. அந்த அம்மா பதினைந்து வயதில் உப்பளத்துக்கு வந்தவர். எங்கள் அத்தனை பேர் வீட்டுக் குழம்பிலும் அவர் மிதித்த பாத்தியின் உப்பு விழுந்திருக்கும்.

செவிலியரம்மா அவருடைய காலைப் பார்த்தார். கேட்டுக்கொண்டுதான் பார்த்தார். பாதத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள். சில ஆழமானவை. உப்பு புகுந்து ஆறவிடாமல் வைத்திருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மிதிக்க முடியாதா என்று பொறியாளரின் மனைவி கேட்டார். பூட்ஸுக்குள் தண்ணீர் போனால் இன்னும் மோசம், தரை இறுகினதா என்று காலுக்குத் தெரியாது என்றார் அந்த அம்மா. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி, சர்க்கரை இருக்கிறதா என்று செவிலியரம்மா விசாரித்தார். பார்த்ததே இல்லையாம். நல்ல தண்ணீர் என்பதும் அங்கே எளிதல்ல. குடிக்கக் கொண்டுவருகிற குடத்தில் மிஞ்சியதுதான்.

வருமானம் எப்படி என்று கருவூலக்காரர் கேட்டார். ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் வேலை கிடையாது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி, மயிலத்தில் 50 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியதே, அந்தத் தண்ணீரெல்லாம் கழுவெளிக்கு வந்து, கழுவெளி நிரம்பி, உப்பளம் முழுக்க ஒரே ஏரியாகக் கிடந்ததாம். அம்பாரத்தில் மூடி வைத்திருந்த உப்பு கரைந்தே போயிற்று. வழக்கமாகத் தை மாதம் மிதிக்கத் தொடங்குவது தள்ளிப் போனது. மழைக்கால நிவாரணமாக அரசு தருகிற 5,000 ரூபாய் அவருக்கு வருகிறது. முதியோர் உதவித்தொகை, மாதம் 1,200 ரூபாய், வரவில்லை.

"எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார். ஆதார்ல வயசு அம்பத்தாறுன்னு இருக்காம். படம் எடுத்தவங்க பாத்துப் போட்டது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க போட்டதுதான்."

வயது என்ன என்று அவருக்கே திட்டமாகத் தெரியவில்லை. கருவூலக்காரர் விடவில்லை. ஓய்வூதியக் கோப்புகளில் பிறந்த தேதித் தகராறுகளை நிறையப் பார்த்தவர் அவர். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். 1976 புயலில் கால்வாய்க் கரை உடைந்தது நினைவிருக்கிறதா? நன்றாக நினைவிருக்கிறது, அப்போது அவர் உப்பளத்துக்கு வரத் தொடங்கியிருந்தார், படகுக்காரர்கள் உப்பு ஏற்ற வராமல் நின்றுபோனது அந்த வருஷம்தான். அப்படியானால் அறுபதைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகியிருக்க வேண்டும். கருவூலக்காரர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, வரப்பில் குத்துக்காலிட்டு, ரேஷன் அட்டை விவரம், மூத்த மகளின் வயது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு பேர் தங்களுடையதையும் எழுதச் சொன்னார்கள். உப்பளத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. படகுக்காரத் தம்பி தண்ணீர் வற்றுகிறது, கிளம்பலாம் என்று குரல் கொடுத்த பிறகுதான் எழுந்தார்.

திரும்புகையில் கடல்காற்று எதிர்ப்பட்டது. மணல் திட்டில் இறங்கி, சவுக்கு நிழலில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டோம். தம்பியின் வீட்டில் ஆக்கிய கானாங்கத்தைக் குழம்பு, நாங்கள் கொண்டுபோன புளியோதரை. சிலர் காலை நனைத்துக்கொண்டு அலையோரம் நடந்தார்கள். தம்பியும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, அப்போது 8,000 ரூபாய் நிவாரணம், அந்த மாதங்களில் சுற்றுலா ஆட்களை ஏற்றுவதுதான் கைச்செலவுக்கு என்றார். அவருடைய அப்பா வயது எங்களுக்கு. அப்பா இன்னும் கடலுக்குப் போகிறாரா என்று கேட்டேன். போகிறார். கண் மங்கிவிட்டது, ஆனாலும் மீன் இருக்கிற இடம் அவருக்குத்தான் தெரிகிறது என்றார் தம்பி.

வெயில் சாயும்போது கோட்டையடியில் இறங்கினோம். ஏறியதைவிட இறங்குவது எளிதாக இருந்தது. இறங்குகிற விதம் எல்லாருக்கும் பழகிவிட்டிருந்தது. அடுத்த முறை கழுவெளிக்குள் போகலாம் என்று ரயில்வேக்காரர் சொன்னார். அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும், கேட்டு வாங்கித்தான் போக வேண்டும் என்றார் பொறியாளர்.

வேன் மரக்காணத்தைத் தொட்டபோது கருவூலக்காரர் நிறுத்தச் சொன்னார். நோட்டில் எழுதியிருந்த தெருவை விசாரித்துப் போய், அந்த அம்மாவின் ரேஷன் அட்டையையும் ஆதாரையும் நேரில் பார்த்துவிட்டு வந்தார். வயதுச் சான்றுக்கு அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகிற பொறுப்பைச் செவிலியரம்மா ஏற்றுக்கொண்டார். காலுக்கும் சர்க்கரைக்கும் அங்கேயே பார்த்துவிடலாம் என்றார். திங்கட்கிழமை போகலாமா என்று கேட்டதற்கு, திங்கட்கிழமை உப்பு வாருகிற நாள், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.